ஊர்த்தெரு குவாரிச் சாலை அல்ல: கனரக லாரிகள் குறித்து ஊர்ப் பொதுமக்கள் குழுவின் நிலைப்பாடு

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாறையும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ், டிப்பர் லாரிகள் எங்கள் ஊரின் உட்தெருக்கள் வழியாக எந்த நேரத்திலும் போகக் கூடாது. ஊரை ஒட்டிச் செல்லும் மெயின் ரோட்டில் பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அவை ஓடக் கூடாது. வெட்டிய கல் எந்தச் சாலை வழியாக வெளியேற வேண்டும் என்பது குவாரி அனுமதியின் ஒரு நிபந்தனையாக இருக்க வேண்டும். அந்த வழி, லாரி கையோடு கொண்டுபோகும் ஒவ்வொரு நடைச்சீட்டிலும் எழுதப்பட வேண்டும். குவாரிகளை மூட வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு மூன்று கருத்துகள் உண்டு. அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம். இந்த அறிக்கை தெருவைப் பற்றியது.

மேற்குக் குமரிக்கு வந்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரரால் சொல்ல முடியாது. ரப்பர் தோட்டம், வாழை, தென்னை, நடுவில் சாலையோரமாக நெடுக வீடுகள். சாலைகளில் பாதி பழைய வண்டிப்பாதைகள்; மீதி, சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாய்களின் கரைகள். யாரும் திட்டம் போட்டு அமைத்தவை அல்ல, நடந்து நடந்து உண்டானவை. அதனால்தான் இத்தனை வளைவு, இத்தனை ஏற்ற இறக்கம். வீட்டு மதிற்சுவர் தாரோடு முட்டி நிற்கும். நடைபாதை என்ற ஒன்று கிடையாது. தெருவில் நடப்பவர் தாரில்தான் நடக்கிறார்.

அளவைப் பாருங்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் கிராமச் சாலைக்கு வகுத்த தார் அகலம் 3.75 மீட்டர், வண்டி குறைவாக ஓடும் இடங்களில் 3 மீட்டர் போதும் என்கிறது. லாரிக்குச் சட்டம் அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர் வரை. பக்கக் கண்ணாடிகள் அந்தக் கணக்கில் சேராது. லாரி நட்ட நடுவில் போனாலும் ஒரு பக்கத்துக்கு 58 சென்டிமீட்டர்கூட மிஞ்சாது. அந்த இடத்தில்தான் புத்தகப் பையோடு பிள்ளைகள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும். கையில் குடை இருந்தால் அதை மடக்கிக்கொண்டு நனைய வேண்டியதுதான்.

இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர் வளைவில் எந்த நாளிலும் பார்க்கலாம். லோடு வண்டி பின்னால் போகாது. காலி வண்டிதான் பின்வாங்க வேண்டும். கிளீனர் குதித்து இறங்கி, வண்டியின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே “வா, வா, வா… ஒடிச்சு வா… போதும்” என்று கத்துவார். அதற்குள் பின்னால் ஸ்கூல் வேன், ரேஷன் அரிசி மூட்டையோடு ஒரு ஆட்டோ, பால் கேன் கட்டிய டி.வி.எஸ். எக்ஸெல் என்று வரிசை கட்டிவிடும். எல்லோரும் ஹார்ன் அடிப்பார்கள். வளைவை ஒட்டிய வீட்டின் மதிலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு நீளக் கோடு இருக்கிறது. லாரிக் கண்ணாடிகள் உரசி உரசிப் பூச்சு உதிர்ந்து, உள்ளே கல் தெரிகிறது. அந்த வீட்டுக்காரர் பூசிப் பார்த்து அலுத்து, இப்போது அப்படியே விட்டுவிட்டார்.

விடியலில் இன்னொரு தொல்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் வெளிச்சம் வருமுன் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் பால் சரியாக வராது. காலி டிப்பர்கள் குவாரிக்கு ஓடுவதும் அதே நேரத்தில்தான். முதல் லோடு பிடிக்கிற அவசரம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது காலித் தொட்டியின் பின்கதவு எழுப்பும் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்தப் பின்கதவுக்கு விதி தெரியாது.

பேருந்து போகிற தெருவில் லாரி ஏன் போகக் கூடாது?

அதிகாரிகளும் லாரிக்காரர்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல விரும்புகிறோம். ஆட்கள் நிறைந்த பேருந்தின் பின் அச்சும் லேசானதல்ல. அகலத்திலும் பேருந்து லாரிக்குக் குறைந்ததில்லை. ஆனால் பேருந்து ஒரு நாளில் சில முறைதான் வருகிறது, வரும் நேரம் ஊருக்குத் தெரியும், கைகாட்டினால் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது எங்களுக்காக வருகிறது. லாரி எங்களைக் கடந்து போவதற்காக மட்டும் வருகிறது.

எடையைப் பற்றியும் பேச வேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றின் மேல் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். உலகம் முழுக்கச் சாலைப் பொறியாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் சோதனை அது. அதில் தெரியவந்தது: அச்சின் மீதுள்ள பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கோடு நிற்காது, ஏறக்குறைய பதினாறு மடங்காகும். பாரத்தின் நான்காம் அடுக்கு என்பது கணக்கு. இதன்படி, அனுமதித்த பாரத்துக்கு மேல் 20 சதவீதம் கூடுதலாக ஏற்றினால் சேதம் இரட்டிப்பாகிறது. 40 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஒரு லாரி கூடுதலாக ஏற்றிய கல்லின் விலை ஒருவர் பைக்குப் போகிறது. பெயர்ந்த தாரின் செலவு ஊராட்சியின் தலையில் விழுகிறது. தாருக்கு அடியில் போகும் கூட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்தால், இரண்டு தெருவுக்குத் தண்ணீர் இல்லை. சானலுக்கு மேலுள்ள பாலத்தின் பலகைக்கல் எந்த எடையை நினைத்துப் போடப்பட்டது என்று எங்கள் பெரியவர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். மாட்டு வண்டியை நினைத்துப் போட்டது.

2018-இல் மத்திய அரசு சரக்கு லாரிகளின் அனுமதி எடையையே உயர்த்தியது. மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னாக இருந்தது 28.5 டன்னானது. கிராமச் சாலைகளின் கனத்தை அதற்கேற்ப யாரும் உயர்த்தவில்லை. அந்த 28.5 டன்னையும் மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மிகைச் சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரருடையது. அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு பயணத்தைத் தொடர முடியாது, இறக்கியே ஆக வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமும் 2005-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. எங்கள் பகுதியில் அபராதச் சீட்டு போட்டதைப் பார்த்திருக்கிறோம். கல்லை இறக்கியதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஓட்டுநர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கோபம் அவர்கள் மேல் அல்ல, எங்கள் ஊர்ப் பையன்களே பலர் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடைக் கணக்கில் கூலி வாங்குகிறவர் ஒரு நாளில் எத்தனை நடை அடிக்க முடியுமோ அத்தனை அடிக்கத்தான் பார்ப்பார். மெயின் ரோட்டில் நெரிசல், நான்குவழிச் சாலை வேலையோ ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது, எங்கோ ஒரு முக்கில் எடைச் சோதனை என்று தகவல் வருகிறது. உடனே கைப்பேசி காட்டுகிற குறுக்குவழி எங்கள் தெரு. அவர் இடத்தில் இருந்தால் நாங்களும் அதைத்தான் செய்வோம். சட்டம்கூட இதைப் புரிந்து வைத்திருக்கிறது: மிகை பாரம் ஏற்றிய வண்டியின் ஓட்டுநர் அதன் உரிமையாளர் இல்லையென்றால், உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின் பேரிலோதான் அது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என 113-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்குகள் அந்த வரியிலிருந்து தொடங்கட்டும். சிறுவர்கள் லாரிக் கண்ணாடி மேல் கல் வீசுவதை எங்கள் குழு ஒருபோதும் ஏற்காது. இப்படி நடந்தால் புகார் கொடுக்கிற முதல் ஆள் நாங்களாக இருப்போம்.

கல் எங்கே போகிறது என்பதைப் பற்றியும் மாவட்டம் முழுக்கச் சூடான பேச்சு இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போவது உண்மை. விழிஞ்ஞம் துறைமுகத்தின் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவருக்குத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் கல் போனது. இதை வைத்து மாநிலச் சண்டை மூட்டுவதில் எங்களுக்கு ஆர்வமில்லை. வண்டியின் எண் கே.எல். என்று தொடங்கினாலும் டி.என். என்று தொடங்கினாலும் வளைவு மதிலுக்கு ஒன்றுதான். அதோடு, நெருக்கமாக வீடுகள் கொண்ட சாலையில் லாரியை எப்படி நடத்துவது என்பதில் அண்டை மாநிலத்திடம் கற்றுக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. பள்ளி நேரத்தில் டிப்பர் ஓடக் கூடாது என்பது கேரளத்தின் பல மாவட்டங்களில் நெடுநாளாக உள்ள கட்டுப்பாடு. அங்கே ஓடாத நேரத்தில் அதே வண்டி இங்கே ஓடுகிறது.

“இதுவரை எத்தனை விபத்து நடந்திருக்கிறது?”

மனு கொடுக்கப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. நாங்கள் எண்ணிக்கை சொல்வதில்லை. வேண்டுமென்றுதான் சொல்வதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் ஒரு இடத்தை விபத்துப் பகுதி என்று குறிக்க, அரை கிலோமீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்துச் சாவுகள் வேண்டும் என்று மத்திய அமைச்சகம் வரையறுத்திருக்கிறது. நெடுஞ்சாலைக்கு அது பொருந்தலாம். சில நூறு வீடுகள் உள்ள ஊரில் அந்த எண்ணிக்கைக்குக் காத்திருப்பதா?

இன்னொன்று, விபத்து குறைவாக இருப்பதாலேயே தெரு பாதுகாப்பாக இருக்கிறது என்று ஆகாது. ஆட்கள் தெருவை விட்டு விலகிவிட்டால் விபத்து குறையத்தான் செய்யும். மாலையில் கடை முக்கு வரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்த வயதானவர்கள் இப்போது வாசலோடு நின்றுகொள்கிறார்கள். நடந்தே பள்ளிக்குப் போன பிள்ளைகளை இப்போது ஆட்டோவில் அனுப்புகிறார்கள். மாதச் செலவு ஒன்று கூடியிருக்கிறது. எதிர் வீட்டுக்காரரிடம் தேங்காய்த் துருவலோ கறிவேப்பிலையோ கேட்கப் போகிற பழக்கமும் தேய்ந்துவிட்டது. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு அறிஞர் சான்பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டு, 1981-இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக எழுதினார். நாளொன்றுக்கு 2,000 வண்டி ஓடிய தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டி ஓடிய தெருவில் சராசரியாக ஒருவர்கூடத் தேறவில்லை. பெரிய நகரத்துக் கணக்கு அது. ஆனால் வாசலோடு நின்றுகொள்வது எங்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

எங்களுக்கு வேண்டாதவை

சாலையை அகலப்படுத்தித் தருகிறோம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நன்றி, வேண்டாம். அகலப்படுத்துவதென்றால் ஒரு பக்கம் வீடுகளின் முன்புறம் போகும், மறுபக்கம் சானல்கரை போகும். இத்தனையும் இழந்தபின் கிடைப்பது லாரி இன்னும் வேகமாகப் போகக்கூடிய தெரு. கூடுதல் வேகத்தடைகளும் வேண்டாம். காரணம் மேலே சொன்ன பின்கதவு. தெரு முனையில் இரும்பு உயரத் தடுப்பு வைக்கலாம் என்று எங்கள் இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. தீயணைப்பு வண்டியும் அரசுப் பேருந்தும் அதே தடுப்பில் மாட்டும் என்பதால் கைவிட்டோம்.

எங்கள் தெருவை மட்டும் அடைத்து லாரிகளை அடுத்த ஊரின் சானல்கரைச் சாலைக்குத் திருப்பிவிடுவதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே எங்களோடு பேசியிருக்கிறார்கள். அவர்கள் சாலை எங்களுடையதைவிடக் குறுகல். ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர்கூட இல்லாத தண்ணீர். ஆகவே குவாரி வாசல் முதல் மாநில நெடுஞ்சாலை வரை முழு வழியையும் ஒன்றாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்கிறோம்.

எங்களுக்குள்ளேயே உள்ள முடிச்சையும் மறைக்கவில்லை. எங்கள் ஊரிலும் வீடு கட்டுகிறார்கள், அதற்கும் ஜல்லி வேண்டும், எம்-சாண்ட் வேண்டும். குழுவின் உறுப்பினர்களில் சிலருக்குச் சொந்தமாக டிப்பர் இருக்கிறது. பல கூட்டங்கள் பேசி வந்த முடிவு இது: ஊருக்குள் இறக்க வேண்டிய சரக்கை ஆறு சக்கர வண்டியில், பள்ளி நேரம் தவிர்த்த பகலில், தார்ப்பாய் மூடிக் கொண்டுவரலாம். இதனால் வீடு கட்டுகிறவருக்குச் செலவு சற்றுக் கூடும். அதைத் தெரிந்தேதான் ஒப்புக்கொண்டோம். காஸ் சிலிண்டர், ரேஷன், தண்ணீர் லாரி, பேருந்து, ஆம்புலன்ஸ் எதற்கும் எங்கள் கோரிக்கை தடையாகாது.

புதிதாகச் சட்டம் எதுவும் கேட்கவில்லை

சுரங்கத் திட்டங்களுக்கான பொது நிபந்தனைகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019 ஜனவரியில் வெளியிட்டது. ஊர்களுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே செல்லும் சாலைகளில் கனிமம் கொண்டுபோக அனுமதிக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்படியொரு நிலை இருந்தால், ஊரிலிருந்து குறைந்தது 200 மீட்டராவது தள்ளிப் புறவழி அமைக்க வேண்டும். சத்தம், தூசி, விபத்து மூன்றையும் குறைப்பதற்காக என்று காரணமும் எழுதியிருக்கிறது. நாங்கள் சொல்ல நினைத்ததை எங்களுக்கு முன்பே ஒரு அதிகாரி எழுதி வைத்துவிட்டார். ஆனால் சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்பு ஒரு அலுவலகத்தில் இருக்கிறது, நடைச்சீட்டு இன்னொரு அலுவலகத்தில், லாரியை நிறுத்தும் அதிகாரம் மூன்றாவது இடத்தில், சாலை ஊராட்சியின் கையில். ஒருவர் கோப்பில் உள்ள நிபந்தனை மற்றவர் மேசைக்கு வருவதே இல்லை. நடைச்சீட்டில் வழியை எழுதச் சொல்வது இதற்காகத்தான். வண்டியை நிறுத்துகிற காவலர் கையில் இருக்கும் ஒரே தாள் அது.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சாலையின், பாலத்தின் தன்மை காரணமாகவோ குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடை செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு மாநில அரசுக்கும் அரசு அதிகாரமளித்த அலுவலர்களுக்கும் வழி தருகிறது. தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாதென்றால் அரசிதழில்கூட வெளியிட வேண்டியதில்லை. உள்ளூரில் உரிய விளம்பரம் செய்தால் போதும். ஒரு மாதம் செய்து பாருங்கள் என்கிறோம். சானல் பாலத்தின் இரு முனையிலும் எடை வரம்புப் பலகை வையுங்கள். அந்த ஒரு மாதத்தில் எந்தக் கட்டுமானம் நின்றது, எந்தக் குவாரிக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவர்களும் கணக்குக் கொண்டுவரட்டும். பிறகு நிரந்தர உத்தரவைப் பற்றிப் பேசலாம்.

புறவழிக்குப் பணம் ஏது என்று கேட்பார்கள். கனிமம் எடுப்பதால் பாதிக்கப்படும் பகுதிகளுக்காகவே 2015-இன் சட்டத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை ஏற்படுத்தியது. கனிமம் எடுப்பவர்கள் கட்டும் பணம் அது. பாதிக்கப்பட்ட பகுதி என்பது குவாரிக் குழியைச் சுற்றிய இடம் மட்டும்தானா, கல் போகிற வழி முழுக்கவா என்பதை மாவட்ட நிர்வாகம் எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும்.

இந்த நிலைப்பாட்டை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்கிறோம். 2025 ஜனவரியில் எங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. புதிய மன்றம் இல்லாத நேரமானாலும் கிராம சபைக்கு உயிர் உண்டு. தனி அலுவலர் முன்னிலையில் அதைப் பதிவு செய்து நகல் வாங்குவோம். மறியல் எங்கள் முதல் ஆயுதமல்ல. ஒரு மாதச் சோதனை உத்தரவு கேட்டுக் கொடுத்த மனுவுக்கு எழுத்துப்பூர்வ பதில் வரும்வரை சாலையில் உட்காரமாட்டோம். பதிலே வராவிட்டால் நீதிமன்றம் போவதா, சாலையில் உட்காருவதா என்பதைப் பொதுக்கூட்டம்தான் தீர்மானிக்கும். குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை.

கிராம சபைக்கு முன் லாரி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், கிரஷர்காரர்கள், அடுத்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் ஒருமுறை உட்கார்ந்து பேச அழைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணி, நூலகத்தின் முன்புறம். டீ, பழம்பொரி உண்டு. லாரியில் வருகிறவர்கள் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வரவும்.